இந்திரா பிறந்தது எந்த நாள்?

குழு: கீழவாசல் வீட்டார்

இந்திரா: எல்லோருக்கும் வணக்கம். விசாவுக்கு பர்த் சர்டிபிகேட் கேட்கிறார்கள். பதிவேட்டில் தேட என் சரியான பிறந்த தேதி வேண்டும். டிசியில் 5.6.84 என்று இருக்கிறது. அது பொய் என்று தெரியும்.

சித்தப்பா: ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஹெட்மாஸ்டர் போட்டது 😀

பெரியத்தை: இந்திரா காந்தியைச் சுட்ட அன்றைக்குத்தான் பிறந்தாய். அதனால்தானே அந்தப் பெயர்.

சுமதி சித்தி: இல்லை, மறுநாள். பஸ் ஓடவில்லை. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தேன்.

பெரியப்பா: வரிசையாகப் பார்ப்போம். 1984 அக்டோபர் 31, புதன்கிழமை. காலை 9.20 வாக்கில் டெல்லி சஃப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்து அலுவலகத்துக்கு நடந்து போகிறார். அங்கே பீட்டர் உஸ்தினோவ் என்ற நடிகர் பேட்டி எடுக்கக் காத்திருக்கிறார். வழியில் காவலுக்கு நின்ற பியந்த் சிங்கும் சத்வந்த் சிங்கும் சுட்டுவிட்டார்கள். பிற்பகல் 2.20க்கு உயிர் போய்விட்டதாக எய்ம்ஸில் சொன்னார்கள். ஆனால் ஆகாசவாணி மாலையில்தான் அறிவித்தது, பிபிசி முந்திக்கொண்டது. ஆகவே குழந்தை பிறந்தபோது வீட்டில் செய்தி தெரியுமா, தெரியாதா என்பதுதான் கேள்வி.

சித்தப்பா: அண்ணே, அவள் கேட்டது பிறந்த தேதி.

செல்வி: 😂😂

இந்திரா: அம்மா, நீ சொல்லேன்.

அம்மா: வலியில் கிடந்தேன். ரேடியோவா கேட்டேன்.

பெரியப்பா: டிசி தேதியும் லேசுப்பட்டதில்லை. ஜூன் 5 இரவுதான் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்தது. அதற்குப் பழிவாங்கத்தான் அக்டோபரில் சுட்டார்கள்.

சித்தப்பா: ஹெட்மாஸ்டர் அதையெல்லாம் யோசித்தா போட்டார்?

செல்வி: தாத்தா எப்படி இந்தப் பெயருக்குச் சம்மதித்தார்? கறுப்புக்கொடி காட்டியவர் ஆயிற்றே.

பெரியப்பா: 1977, மதுரை. அதுவும் அக்டோபர்தான். கல் விழும்போது நெடுமாறன்தான் அந்த அம்மாவை மறைத்து நின்றார். நெருக்கடி நிலையில், 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்களே, அந்தக் கோபம் அப்பாவுக்கு ஆறவே இல்லை.

பெரியத்தை: 80இல் கைச் சின்னத்தில் குத்தச் சொல்லி வீடு வீடாகப் போனவரும் அவர்தான்.

சித்தப்பா: நேருவின் மகளே வருக 😀

பெரியப்பா: கட்சி சொன்னது, செய்தார். அதற்காக நெருக்கடி நிலை சரியாகிவிடுமா?

சித்தப்பா: 69இல் அந்த அம்மா 14 பேங்கை தேசியமயமாக்கியிருக்காவிட்டால் உங்களுக்கு வேலை எங்கேண்ணே கிடைத்திருக்கும்?

பெரியப்பா: நான் பரீட்சை எழுதிப் போனவன்.

அம்மா: பெயர் வைத்தது அத்தை. மாமா கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

டெல்லி மாமா: இப்போதுதான் பார்த்தேன். நாங்கள் அப்போது கரோல்பாகில் இருந்தோம். நவம்பர் 1 காலையிலிருந்து தெருவெல்லாம் டயர் எரிகிற வாடை. மாடிவீட்டு சர்தார்ஜி குடும்பம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு உன் அக்கா சரக் சரக்கென்று தலைமுடியை வெட்டிவிட்டாள், அடையாளம் தெரியக் கூடாதென்று. டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. நான் ஊரில் இருந்திருந்தால் இந்தப் பெயரை வைக்க விட்டிருக்க மாட்டேன்.

இந்திரா: மாமா 🙏

பெரியத்தை: வைத்த பெயரைப் பற்றி இப்போது எதற்கு?

சித்தப்பா: மச்சான், குழந்தை பிறந்த தந்தி உங்களுக்கு எப்போது வந்தது?

டெல்லி மாமா: 4ஆம் தேதியோ 5ஆம் தேதியோ. அந்த வாரம் எது ஒழுங்காக வந்தது?

இந்திரா: அப்படியானால் 31ஆ, 1ஆ?

பெரியப்பா: என் கணக்கில் 31.

சுமதி சித்தி: 1. நடந்தது என் கால்.

செல்வி: அப்பத்தா ஜாதக நோட்டு?

அம்மா: டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

பெரியத்தை: அது என்னிடம் இல்லை. பாகம் பிரித்த அன்றே சின்னவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

சித்தப்பா: நான் ஏற்றியது மரப்பெட்டி. டிரங்கு உன் வீட்டுப் பரணில்தான் இருக்கிறதக்கா.

பெரியத்தை: ஓஹோ.

இந்திரா: அத்தை, சனிக்கிழமை வந்து பரணில் ஏறிப் பார்க்கட்டுமா?

பெரியத்தை: சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பார்ப்போம்.

சுமதி சித்தி: ஏறினால் அப்படியே என் குத்துவிளக்கையும் பாரம்மா. ஜோடி.