உப்பு, சூடம், படிகாரம்: அடுப்படியில் பிணைப்புச் சோதனை செய்தவர்கள் வாருங்கள்

டியூஷன் டீச்சர், திருச்சி

ஒன்பதாம் வகுப்பு வேதிப்பிணைப்பு பாடத்தில் ஒரு அட்டவணை உண்டு. அயனிச் சேர்மம் (மின்னூட்டம் உள்ள துகள்களான அயனிகளால் ஆனது) என்றால் உருகுநிலை அதிகம், தண்ணீரில் கரையும், கரைசலில் மின்சாரம் பாயும். சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கிட்டுச் சேர்வது) என்றால் எல்லாம் நேர்மாறு. பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மளிகைச் சாமானை எடுத்துக் கையில் கொடுத்து "இது எது?" என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். அதனால் இந்த வருடம் அட்டவணையை மூடி வைத்துவிட்டு நேராகச் சோதனைக்குப் போனோம்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 330 ஓம் ரெசிஸ்டர், இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில். எல்லாவற்றையும் ஒரே சுற்றாக இணைக்க வேண்டும், நடுவில் இடைவெளி இரண்டு பென்சில் முனைகளுக்கு இடையில் மட்டும். பென்சில் முனைகள் டம்ளரில் முங்க வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது.

முதல் கூத்து தண்ணீரிலேயே. எங்கள் தெரு போர் தண்ணீரில் முனையை வைத்ததும் எல்இடி பளிச்சென்று எரிந்தது. "மிஸ், இன்னும் உப்பே போடல!" என்று ஒரே சத்தம். எனக்கு அதில் சந்தோஷம்தான், நான் நடத்த நினைத்ததைத் தண்ணீரே நடத்திவிட்டது. நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு என்று எல்லா அயனியும் கரைந்து கிடக்கின்றன. ஆர்.ஓ. தண்ணீரில் மங்கலாக எரிந்தது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் எரியவில்லை என்றே சொல்லலாம். சோதனையை அதில்தான் தொடங்க வேண்டும்.

காய்ந்த கல் உப்பில் முனையை அழுத்திப் பிடித்தாலும் எல்இடி அசையவில்லை. அயனிகள் இருக்கின்றன, ஆனால் படிகத்துக்குள் நகர வழியில்லை. அதே உப்பு டிஸ்டில்டு வாட்டரில் கரைந்ததும் முழு வெளிச்சம். சர்க்கரை எத்தனை கரண்டி போட்டாலும் இருட்டுதான், மூலக்கூறு முழுசாகவே கரைந்து நிற்கிறது.

அப்புறம் வினிகர் ஊற்றினோம். எரிந்தது! அசிட்டிக் அமிலம் சகப்பிணைப்பு மூலக்கூறுதானே என்று ஒரு பையன் மடக்கினான். தண்ணீரில் விழுந்ததும் அதில் மிகச் சிறு பங்கு ஹைட்ரஜன் அயனியாகவும் அசிட்டேட் அயனியாகவும் பிரிகிறது, அந்தச் சிறு பங்கே எல்இடிக்குப் போதும். என் கட்சி இதுதான்: எல்இடி பிணைப்பைக் காட்டுவதில்லை, அந்தத் திரவத்துக்குள் நடமாடும் அயனி இருக்கிறதா என்று மட்டும் காட்டுகிறது. பாடப்புத்தகம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

உங்கள் வீட்டில் இப்படி அட்டவணைக்கு அடங்காத பொருள் எது மாட்டியது?

படிகாரம் வைத்திருக்கும் அப்பா, ஈரோடு

எங்கள் வீட்டில் படிகாரம் டீச்சர். ஷேவிங் முடித்துத் தேய்க்க வைத்திருக்கும் கட்டிதான். பொட்டாசியம், அலுமினியம், சல்பேட் எல்லாம் இருக்கிற அசல் அயனிச் சேர்மம். சாதாரண உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். இது 92 டிகிரியிலேயே உருகிவிட்டது. என் மகள் உடனே "சகப்பிணைப்பு" என்று நோட்டில் எழுதிவிட்டாள்.

விஷயம் என்னவென்றால், படிகாரத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே சேர்ந்திருக்கும் தண்ணீர். சூடு பட்டதும் தன்னிடம் இருக்கிற தண்ணீரிலேயே அது கரைந்துபோகிறது. தொடர்ந்து காய்ச்சினால் கொப்பளித்து, பொங்கி, கடைசியில் தொட்டால் உதிர்கிற வெள்ளை நுரைக்கட்டியாக நிற்கும். நாட்டு மருந்துக் கடையில் பொரித்த படிகாரம் என்று கொடுப்பது இதைத்தான்.

மகளை நம்பவைக்க, உருகி நிற்கும்போதே பென்சில் முனையை விட்டோம். எல்இடி எரிந்தது. பக்கத்திலேயே மெழுகை உருக்கி அதில் வைத்தால் இருட்டு. ஒரு எச்சரிக்கை: இரும்புக் கரண்டியில் உருக்காதீர்கள். முனை கரண்டியில் பட்டால் எதை வைத்தாலும் எரியும். நாங்கள் மண் அகலில் உருக்கினோம்.

சமையல்கட்டு அம்மா, நாகர்கோவில்

நான் பேட்டரி பக்கமே போகவில்லை, எண்ணெயில்தான் பார்த்தேன். சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்க சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் கரைப்போம் இல்லையா? அதே எண்ணெயில் உப்பைப் போட்டால் ராத்திரி முழுக்க வைத்தாலும் அடியில் அப்படியே கிடக்கும். தண்ணீரில் தலைகீழ்: உப்பு கரையும், சூடம் மிதக்கும். அட்டவணை சரி என்று சந்தோஷப்பட்டேன். சர்க்கரை வந்து கெடுத்தது. சகப்பிணைப்புப் பொருள் எண்ணெயில் கரையாமல் தண்ணீரில் கரைகிறதே? சர்க்கரை மூலக்கூறு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்), அவை தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் என்று மருமகள் சொன்னாள்.

இன்னொன்று. திருஷ்டி கழித்து உப்பை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்குமே, அது உருகுவதோ சிதைவதோ இல்லையாம். கல் உப்புக்குள் மாட்டியிருக்கும் துளி ஈரம் ஆவியாகிப் படிகத்தை உடைக்கிறது. கண் பட்டது எவ்வளவு என்பதை ஈரம் முடிவு செய்கிறது போல!

பழைய லேப் அசிஸ்டென்ட், மதுரை

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு விஷயத்தில் விளையாட வேண்டாம். பல்பு வேண்டும் என்று வீட்டுக் கரண்டில் சொருகிச் செய்கிற பழக்கம் எங்கள் காலத்தில் சில இடங்களில் இருந்தது. உப்புத் தண்ணீர், ஈரக் கை, 230 வோல்ட். உயிர் போகும். பேட்டரியோடு நிறுத்துங்கள். அடுத்தது, உப்புக் கரைசலில் பேட்டரியை அதிக நேரம் விட்டால் நேர்முனையில் குளோரின் வரும். நீச்சல்குள வாடை அடித்தால் உடனே எடுத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். பார்க்க வேண்டியது சில நொடிதான். பென்சிலுக்குப் பதில் செம்புக் கம்பி வைத்தால் செம்பே கரைந்து தண்ணீர் பச்சையாகும், சோதனையும் குழம்பும்.

கோலம் போடுகிறவள், கும்பகோணம்

கோலமாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசி மாவைக் கரண்டியில் சூடாக்கினால் கருகி வாடை வரும். கடையில் வாங்கும் கல் மாவு அசையாது. அசையாததால் அயனி என்று எழுதிவிட முடியாது. வினிகர் விட்டேன். ஒரு கடை மாவு நுரைத்தது, அது சுண்ணாம்புக்கல், அயனிச் சேர்மம். இன்னொரு கடை மாவு சும்மா கிடந்தது. அது வெள்ளைக் குவார்ட்ஸ் பொடியாக இருந்தால் சிலிக்காவாகும். முழுக்க முழுக்க சகப்பிணைப்பு, ஆனால் உருக சுமார் 1700 டிகிரி வேண்டும், உப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஒன்பதாம் வகுப்பு, தஞ்சாவூர்

மிஸ், ஒரு சந்தேகம். பென்சில் முனையும் கார்பன்தானே, சகப்பிணைப்புதானே? அப்புறம் எப்படி அது வழியா கரண்ட் போகுது?

டியூஷன் டீச்சர், திருச்சி

நல்ல கேள்வி தம்பி. முனையில் களிமண்ணோடு கலந்திருப்பது கிராஃபைட். அதில் ஒவ்வொரு கார்பனும் பக்கத்தில் இருக்கிற மூன்று கார்பனோடு மட்டும் பிணைகிறது. மிஞ்சுகிற நான்காவது எலக்ட்ரான் அந்த அடுக்கு முழுக்க ஓடித் திரியும், கரண்டைக் கொண்டுபோவது அதுதான். வைரத்தில் நான்குமே பிணைப்பில் மாட்டிக்கொள்வதால் வைரம் கடத்தாது. அதை உங்கள் வீட்டில் சோதிக்க முடிந்தால் என்னையும் கூப்பிடு.