நிற்கப்போகும்போது மட்டும் பெடல் உதைக்கிறது, ஏபிஎஸ் மாட்யூலையே மாற்றச் சொல்கிறார்கள். உதவி தேவை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பத்து வருடம் ஓடிய கார், முன்சக்கர இழுவை. ஒரு மாதமாக ஒரே தொல்லை. வேகத்தில் போகும்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் நிற்கப்போகும் கடைசி நேரத்தில், வேகம் 10 கிலோமீட்டர் அளவுக்கு வந்ததும் பெடல் காலடியில் டக் டக்கென்று உதைக்கிறது, முன்பக்கம் கர்ரென்று ஒரு சத்தம், வண்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கிறது. ரோடு காய்ந்துதான் இருக்கிறது. போன வாரம் மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தது. ஸ்கேன் செய்ததில் சி0040 என்ற பிழைக் குறியீடு, முன் வலது சக்கர வேக சென்சார். புது சென்சார் போட்டு அந்தக் குறியீட்டை அழித்தார்கள், விளக்கு போய்விட்டது, உதைப்பது போகவில்லை. இப்போது ஏபிஎஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான மாட்யூல் போச்சு, மொத்தமாக மாற்றணும் என்கிறார்கள். நேற்று முன்னால் நின்ற வண்டியை இடிக்காமல் நிறுத்துவதற்குள் உயிர் போய் வந்தது. குழந்தைகளை ஏற்றவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்

மாட்யூலை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: விளக்கு எரிந்துகொண்டிருந்த நாட்களில் பெடல் உதைத்ததா?

கேட்டவர்

நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். இல்லை. அந்த நாலு நாளும் சாதாரணமாகத்தான் நின்றது.

பதில்

அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் தன்னை அணைத்துக்கொள்ளும், வெறும் பிரேக் மட்டும் வேலை செய்யும். அப்போது உதைக்கவில்லை, இப்போது உதைக்கிறது என்றால் உதைப்பது ஏபிஎஸ்தான். டிஸ்க் வளைந்திருந்தால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் உதறும், அதுவும் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்கிலேயே தெரியும்.

ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் குறைந்ததாக மாட்யூலுக்குத் தகவல் போகிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று நம்பி அது பிரேக்கை விடுவிக்கிறது. தவறான தகவலுக்குச் சரியாக வேலை செய்கிற மாட்யூலை மாற்றி என்ன பயன்? சி0040 என்பதும் அந்த மூலையிலிருந்து வரும் சிக்னல் சரியில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. சென்சாரா, வயரா, பல் வளையமா (சக்கரத்தோடு சுற்றும் வளையம், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சாரிலிருந்து ஒரு துடிப்பு போகும்), பேரிங்கா என்று சொல்லாது. இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம்.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, நாலு சக்கர வேகத்தையும் கிராஃபில் போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளில்லாத இடத்தில் 20லிருந்து மெதுவாக நிறுத்துங்கள். மற்ற மூன்றும் 8 காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால் சென்சாருக்கு அடியில் துரு சேர்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். விழாமல், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒருமுறை மட்டும் கோடு வெட்டினால் சந்தேகம் வளையத்தின் மேல்.

இன்னொரு பதில்

மேலே சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள், முதலில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம், பேரிங் சமீபத்தில் மாற்றினீர்களா? புது வகை வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது. எங்கள் வண்டியில் அப்படித்தான் ஆனது, இரண்டு சென்சார் வீணானது.

கேட்டவர்

பேரிங் மாற்றவில்லை. கிராஃப் பார்த்தோம். முன் வலது மட்டும் சீராக, ஒரே இடைவெளியில் வெட்டுகிறது! ஜாக் ஸ்டாண்ட் வைத்து சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துக் கையால் மெதுவாகச் சுற்றினேன். சிவி ஜாயின்ட் (ஆக்சில் சக்கரத்தோடு சேரும் மூட்டு) மேல் இருக்கும் பல் வளையத்தில் ஒரு இடத்தில் விரிசல், நகம் நுழைகிற அளவு. உள்ளே ஒரே துரு.

பதில்

அதேதான். வளையத்துக்கு அடியில் துரு உப்பி வளையத்தைப் பிளந்துவிடும். 48 பல் உள்ள வளையம் என்று வைத்துக்கொண்டால் 10 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 70 துடிப்பு போகும். விரிசலில் இரண்டு பல்லுக்கு இடையே தூரம் கூடிவிட்டதால் அந்த ஒரு துடிப்பு தாமதமாக வரும், மாட்யூல் அதைச் சக்கரம் நின்றதாக எடுத்துக்கொள்ளும்.

ஆக்சிலை வெளியே எடுத்துத்தான் செய்யணும். பழைய வளையத்தை உளியால் பிளந்து எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு பளபளவென்று ஆகும்வரை சுத்தம் செய்யுங்கள். இதை ஏனோதானோ என்று செய்தால் புது வளையமும் பிளக்கும். புதியதில் பற்களின் எண்ணிக்கையைப் பழையதோடு எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் அந்தச் சக்கர வேகம் தப்பாகத்தான் வரும். வளையத்தைச் சூடாக்கினால் விரிந்து தானாக உட்காரும், பல்லின் மேல் சுத்தியல் படக்கூடாது. ஹப் நட்டைப் புதிதாகப் போட்டு, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே முறுக்குங்கள். சென்சாரைக் கழற்றினால் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், அது உட்காரும் குழியையும் சுத்தம் செய்யுங்கள்.

கேட்டவர்

செய்தாயிற்று. துருவை எடுக்கவே ஒரு மணி நேரம். கிராஃபில் நாலு கோடும் இப்போது ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போகின்றன, இருபது தடவையாவது நிறுத்திப் பார்த்திருப்பேன், ஒருமுறைகூட உதைக்கவில்லை. மாட்யூல் பழையதேதான். உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. இடது பக்க வளையத்தையும் எட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை, ஆனால் ஓரத்தில் துரு கிளம்பியிருக்கிறது. அதையும் இப்போதே மாற்றிவிடலாமா?

பதில்

மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயதுதானே.