பாங்குத் தெரிவு, பாங்கு அடங்கல்: 'வகை அமுக்கம்' ஏன் பொருந்தாது

அன்புடையீர்,

ஜைரோத்திரன், காந்தப்புலத்தில் சுழலும் இலத்திரன் கற்றையிலிருந்து வலுமிக்க நுண்ணலையை உண்டாக்கும் குழாய். அதைப் பற்றிய கட்டுரையில் 'மோட் சப்ரெஷன்' (mode suppression) என்பதற்கு முன்மொழியப்பட்ட 'வகை அமுக்கம்' என்ற தொடரை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கைப் பாடநூல்களில் பயின்ற எவருக்கும் அமுக்கம் என்றதும் பஸ்காலில் அளக்கும் கணியமே நினைவுக்கு வரும். அடுத்து வந்த 'தணித்தல்' என்ற சொல்லையும், உராய்வினாலோ தடையினாலோ சக்தி இழந்து அலைவு குறைவதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இங்கே நிகழ்வது அதுவன்று.

முதலில் 'மோட்' என்பதற்கான சொல்லை முடிவு செய்வோம். அலை பரிவுற்று வலுக்கும் உலோகக் குழியினுள், அதாவது பரிவுக்குழியினுள், அலையின் புலம் கொள்ளக்கூடிய கோலங்களுள் ஒன்றையே அது குறிக்கிறது. 'ஆகாரம்' புள்ளிவிபரவியலுக்கு உரியதாகிவிட்டது. 'வகை' எதற்கும் பொருந்துவதால் எதையும் சுட்டாது. நான் 'பாங்கு' என்பதையே விரும்புகிறேன். கொழும்பில் பாங்கு என்றால் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் குரலே முதலில் நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் சுட்டினார். அது உண்மை, ஆயினும் பரிவுக்குழியைப் பற்றிய வாக்கியத்தில் அந்தப் பொருள் குறுக்கிடும் என்று நான் நினைக்கவில்லை.

இனி நிகழ்வுக்கு வருவோம். ஜேர்மனியின் கிறைஃப்ஸ்வால்டில் வென்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் என்னும் கரு இணைவு ஆய்வுப் பொறியின் பிளாஸ்மாவைச் சூடாக்கும் ஜைரோத்திரன்கள் 140 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். குழியின் ஆரையோ ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவர் உருகாதபடி பெரும் வலுவைத் தாங்கக் குழி இவ்வளவு அகலமாக இருக்கவேண்டும். அகலமாக இருப்பதாலேயே ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய மீடிறன்களில் ஏராளமான பாங்குகள் அதனுள் இடம்பிடிக்கின்றன. வேண்டியது சுற்றுச்சுட்டி 28, ஆரைச்சுட்டி 8 உடைய ஒரே ஒரு பாங்கு (புலக்கோலம் சுற்றுவழியிலும் ஆரைவழியிலும் எத்தனை முறை மாறுகிறது என்பதைச் சுட்டும் எண்கள் இவை). அதன் அயலிலுள்ளவை யாவும் அதே இலத்திரன் கற்றையிலிருந்து சக்தி பெற முனைபவை.

வடிவமைப்பாளர் இங்கே செய்வது முதன்மையாகத் தெரிவு. கற்றை உள்ளீடற்ற குழாய் போன்றது. வேண்டிய பாங்கின் புலம் உச்சமாகும் ஆரையில் அதை நிறுத்தினால் அந்தப் பாங்குக்குப் பிணைப்பு மிகும், பிறவற்றுக்குக் குறையும். ஒரே சுட்டிகளை உடைய பாங்குகூட இலத்திரன்களோடு ஒரே திசையில் சுழலும்போது ஓர் ஆரையிலும், எதிர்த்திசையில் சுழலும்போது வேறோர் ஆரையிலும் வலுவாகப் பிணைவதால், இவ்விரண்டையும் 'உடன்சுழல்', 'எதிர்ச்சுழல்' என்று பிரித்துச் சொல்லியாகவேண்டும். தொடக்கி வைக்கும் வழியும் தெரிவின் பகுதியே. வோல்ற்றளவு ஏற ஏற இலத்திரன்களின் சார்புத் திணிவு கூடி அவற்றின் சுழற்சி மீடிறன் குறைகிறது. ஆகவே மேல் மீடிறன் அயற்பாங்குகள் முதலில் எழுந்து, பின்னர் வேண்டியதற்கு இடம்விட வேண்டியிருக்கிறது. ஏற்றும் வழி மாறினால், இறுதி வோல்ற்றளவு ஒன்றாகவே இருந்தும் வேறொரு பாங்கு நிலைத்துவிடக்கூடும்.

கார்ல்ஸ்றூவில் ஆராயப்பட்ட ஓரச்சு ஜைரோத்திரனில், குழியின் நடுவே தவாளிப்புகள் வெட்டிய, ஒருபுறம் சிறுத்துச் செல்லும் கோல் ஒன்று நிற்கிறது. கோலை எட்டும் புலமுடைய போட்டிப் பாங்குகளின் பரிவுத் தரத்தை, அதாவது அவற்றின் சக்தி குழியில் தங்கும் அளவை, அது குறைத்துவிடுகிறது. இதற்கு 'விலக்கல்' போதும்.

ஆனால் நாம் சொல் தேடும் நிகழ்வு இவற்றுக்குப் பின்னர் வருவது, அதை யாரும் வெளியிலிருந்து செய்வதில்லை. வேண்டிய பாங்கு பெரும் வீச்சத்தை அடைந்ததும், இலத்திரன்கள் அதன் அவத்தைக்கு (அலைவு எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதற்கு) ஏற்பவே கொத்துக்கொத்தாகத் திரள்கின்றன. தனித்திருந்தால் அதே கற்றையில் எழுந்திருக்கக்கூடிய அயற்பாங்கு, அந்தத் திரளிலிருந்து வளரப் போதிய சக்தியைப் பெற முடியாமல் போகிறது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் மகள் புல்லாங்குழல் பயிலும்போது இதற்கு நெருங்கிய ஒன்றைக் கேட்கிறேன்: சற்று அழுத்தி ஊதியதும் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது, தாவி நிலைத்தபின் கீழ்ச்சுரம் கேட்பதில்லை. கீழ்ச்சுரத்தின் வாயை யாரும் பொத்தவில்லை. அதே மூச்சு மற்றச் சுரத்துக்கு உணவாகிவிட்டது, இது அடங்கிவிட்டது.

தமிழில் அடக்கு, அடங்கு என்று பிறவினையும் தன்வினையும் இணையாகவே நிற்கின்றன. அந்த இணையை வீணாக்க எனக்கு மனமில்லை. நிலைபெற்ற பாங்கு அடக்குகிறது, அயற்பாங்கு அடங்குகிறது. ஆகவே நிகழ்வுக்குப் 'பாங்கு அடங்கல்', நிலைபெற்றதற்கு 'அடக்கும் பாங்கு', மற்றதற்கு 'அடங்கிய பாங்கு' என்று எழுதலாம். 'ஒடுக்கம்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். தமிழ்நாட்டு வேதியியலில் அது நாம் தாழ்த்தல் என்று எழுதுவதைக் குறிப்பதால், இரு கரையினரும் படிக்கும் கட்டுரைக்கு அது உதவாது.

'தேர்வு' என்று எழுதவேண்டும் என்ற வேண்டுகோளுக்கு என் மறுமொழி, நம் வழக்கான 'தெரிவு' இருக்கட்டும் என்பதே. புணர்த்திப் 'பாங்கடங்கல்' என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். முதன்முறை படிக்கும் மாணவர் அதை எங்கே பிரிப்பது என்று திகைப்பார். இவற்றுள் எதற்கேனும் எதிர்ப்பு இருந்தால், மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். நிகழ்வை அது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தபின் முடிவு செய்வோம்.