புதுப்பிப்பு: அப்பாவின் புராஸ்டேட்டும் அமினோ அமில கேப்சூலும்

கிளைசின், அலனைன், குளுட்டாமிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் (புரதத்தின் கூறுகள்) கலந்த கேப்சூலை அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து பாத்ரூம் போகிறார் என்பதுதான் பிரச்சினை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

யூராலஜிஸ்ட்டைப் பார்த்தோம். ஸ்கேனில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பெரிதாகியிருந்தது. பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பயப்படும்படி இல்லை. டாம்சுலோசின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். அது சுரப்பியைச் சுருக்காது. சிறுநீர்ப்பை வாயிலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்தும். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம் என்பதால், அப்பா கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்த பிறகே எழுகிறார். இப்போது தூக்கம் பரவாயில்லை.

சரி, அந்தக் கேப்சூல்? இதே கலவையை அமெரிக்காவில் சிலரிடம் சோதித்து 1958-லேயே கட்டுரை வந்திருக்கிறது. பலருக்கு இரவில் எழுவது குறைந்ததாம். ஜப்பானில் பாராப்ரோஸ்ட் என்று மருந்தாகவே விற்றார்கள். ஆனாலும் அந்தச் சிலர் கணக்கை நம்பி அப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. வாங்கவில்லை.

இன்னொன்று: மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகள் புராஸ்டேட் பெரிதானவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். சிறுநீர் அடைத்தாலோ அதில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.