ஸ்னோமொபைல் ஃப்ரீயாமே!

பிரபு: எல்லாரும் பாத்தீங்களா? பிப்ரவரில ஒரு வீக்எண்ட் மிச்சிகன் பூரா பனில போற ஸ்னோமொபைல் ஓட்ட ஃப்ரீ! சனி, ஞாயிறு ரெண்டு நாள். வடக்கே கேலார்ட் ஊருக்குப் போலாமா?

ராஜி: 😍 நான் ரெடி

செல்வி அக்கா: வண்டியும் அவங்களே தருவாங்களா?

முருகேசன் அண்ணா: அதான் இல்ல. தள்ளுபடி, பனிப் பாதைல ஓட்டறதுக்கான டிரெயில் பர்மிட்டுக்கும் வண்டி ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் மட்டும். பர்மிட் ஸ்டிக்கர் 52 டாலர். ஒரு நாள் வண்டி வாடகையே அதைவிட எக்கச்சக்கம்

முருகேசன் அண்ணா: வாடகை வண்டின்னா பெரும்பாலும் கடைக்காரரே ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருப்பார். நமக்கு ஒரு பைசா மிச்சமில்ல

பிரபு: போச்சுடா 😂

ராஜி: அப்போ யாருக்குத்தான் இந்தச் சலுகை?

முருகேசன் அண்ணா: கராஜ்ல பழைய வண்டி தூசி படிஞ்சு கிடக்கறவங்களுக்கு. ஒஹையோலருந்து மச்சான் வருவான், ரெண்டு நாள் ஓட்டிப் பாப்பான், பிடிச்சா அடுத்த வருஷம் காசு குடுத்து பர்மிட் வாங்குவான்னு கணக்கு. கேலார்ட், கிரேலிங் மோட்டலுக்கெல்லாம் நாலு வியாபாரம் ஆகும்ல

ராஜி: அப்படின்னா வருஷம் பூரா ஃப்ரீயா விட வேண்டியதுதானே. நடக்கறதுக்கு யார் காசு கேக்கறாங்க?

முருகேசன் அண்ணா: நடக்கற பாதையை யாரும் தினம் இழைக்க வேண்டாம்மா. ஸ்னோமொபைல் பாதை 6,000 மைலுக்கு மேல இருக்கு. டிராக்டர் மாதிரி ஒரு க்ரூமர், பின்னாடி பெரிய இரும்புச் சட்டத்தை இழுத்துட்டு ராத்திரில போகும். மேட்டைச் சீவி, பள்ளத்தை நிரப்பி, அழுத்திவிடும். விடியறதுக்குள்ள குளிர்ல பனி இறுகிடும். அதுக்கான செலவு பர்மிட் காசுலருந்தும் வருது. ரெண்டு நாள் விட்டா தாங்கும், சீசன் பூரா விட்டா பாதையே இருக்காது

ராஜி: ஓ. அது நியாயம்தான்

செல்வி அக்கா: எங்க ஆதி ஓட்டலாமா? 13 வயசு ஆகுது

பிரபு: 12லருந்து 16 வரைக்கும் சேஃப்டி சர்டிஃபிகேட் வேணும்க்கா, இல்லேன்னா 21 தாண்டினவங்க கூடவே இருக்கணும். ஃப்ரீ வீக்எண்டுக்கும் அதேதான். ஹெல்மெட்டும் கட்டாயம்

செல்வி அக்கா: அவங்கப்பா ஓட்டினாலே எனக்கு வயித்தைக் கலக்கும். வேற ஏதாவது சொல்லுங்கப்பா

ராஜி: பிப்ரவரில வர்ற பிரசிடென்ட்ஸ் டே லீவு வீக்எண்ட்? அன்னைக்கு மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம், ஸ்டேட் பார்க் கார் பாஸும் கேக்க மாட்டாங்க

செல்வி அக்கா: பாஸ்தான் நம்பர் பிளேட் ரின்யூ பண்றப்பவே எடுத்தாச்சே

ராஜி: லைசென்ஸ் மிச்சம்ல! வெளியூர்க்காரங்களுக்கும் உண்டு. ஊர்லருந்து வந்திருக்கற எங்க மாமாவும் உறைஞ்ச ஏரில தூண்டில் போடலாம்

ராஜி மாமனார்: ஐஸ் மேலயா? ஏறி நின்னா உடையாதா?

முருகேசன் அண்ணா: தெளிவான ஐஸா 4 இஞ்சாவது இருக்கணும் ஐயா. வெள்ளை வெளேர்னு நுரை மாதிரி இருந்தா ஏறவே கூடாது. போகப் போக துளை போட்டு அளந்துக்கிட்டே போவோம். எனக்குச் சந்தேகம் வந்தா கரையிலயே டீ குடிச்சுட்டுத் திரும்பிடலாம்

ராஜி மாமனார்: மீன் கிடைக்குமா தம்பி?

பிரபு: பெர்ச் கிடைக்கலாம் அங்கிள். எத்தனை, என்ன சைஸ்ங்கற ரூல் அன்னைக்கும் உண்டு. சைஸ் ரூல் இருக்கற மீன் பொடிசா வந்தா திருப்பி விட்டுடணும்

செல்வி அக்கா: மசாலா நான் கொண்டு வரேன். மீன் வரலேன்னா உருளைக்கிழங்குல தடவிக்கலாம்

ராஜி: மாமாவுக்கு ஸ்னோ பேன்ட் யார்கிட்டயாவது எக்ஸ்ட்ரா இருக்கா? எல் சைஸ்

முருகேசன் அண்ணா: என்கிட்ட இருக்கு. வேட்டி மேலயே போட்டுக்கற அளவுக்கு லூஸு 😄