மூணு தடவையும் தமாலே நடுவில் வேகலை, உதவுங்க

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் இருக்கோம். டிசம்பர் வந்தா இங்கே வீட்டுக்கு வீடு தமாலேதான்: மக்காச்சோள மாவுக்குள்ளே பூரணம் வெச்சு, காய்ஞ்ச சோளமடலில் சுத்தி ஆவியில் அவிக்கிற மெக்சிகோ பண்டம். ஆனா மாவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு, எங்களுக்கு ஆகாது. சைவமா நானே செய்யலாம்னு இறங்கி மூணு வாரமா சொதப்பறேன். ஓரம் வெந்துடுது, நடுவில் களி மாதிரி கொழகொழன்னு நிக்குது, சோளமடலை உரிச்சா மாவும் கூடவே ஒட்டிக்கிட்டு வருது.

மாவு சரியானதுதான்: சுண்ணாம்பு நீரில் வேகவெச்ச மக்காச்சோளத்தின் மாசா மாவு 4 கப், வெண்ணெய் 1 கப், காய்கறி வேகவெச்ச தண்ணீர் 3 கப். பிசைஞ்சதைக் கிள்ளித் தண்ணீரில் போட்டா மிதக்குது. உள்ளே சுட்டுத் தோலுரிச்ச பொப்ளானோ (காரம் குறைஞ்ச பெரிய பச்சை மிளகாய்), வதக்கிய பசலைக்கீரை, வஹாக்கா என்கிற மெக்சிகோ சீஸ். மடலை 1 மணி நேரம் வெந்நீரில் ஊறவெச்சேன்.

முதல் தடவை 60 நிமிஷம், அடுத்து 90, போன சனிக்கிழமை 2 மணி நேரம். தண்ணீரை அரை கப் குறைச்சேன், மாவு வெடிச்சதுதான் மிச்சம். கீரையைப் பிழிஞ்சும் பார்த்தாச்சு. அவிக்கிறது ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பானையில். உயரம் பத்தாததால நிக்கவைக்காம படுக்கவெச்சு மூணு அடுக்கு.

இப்படி அடுக்கினதுதான் காரணமா, இல்லை கீரையும் மிளகாயும் விடற தண்ணீரா? செஞ்சு பழகினவங்க சொல்லுங்க.