மதுரைக் கிளையின் தீர்ப்பை எதிர்த்துச் சென்னையில் மேல்முறையீடு செய்ய முடியுமா?

கேள்வி – தஞ்சைவாசி:
என் தாயாரின் குடும்ப ஓய்வூதியம் குறித்து நாங்கள் தாக்கல் செய்த ரிட் மனுவை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். தலைமையிடம் சென்னைதான் என்பதால் அங்கே மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் உறவினர் ஒருவர். ஓய்வூதியத்தை மறுத்த துறைச் செயலரின் அலுவலகமும் சென்னையில்தான் உள்ளது. உறவினர் சொல்வது சரியா?

பதில் – வழக்கறிஞர்:
சரியல்ல, ஐயா. 1862-இல் காப்புரிமைப் பட்டயம் (லெட்டர்ஸ் பேட்டன்ட்) எனும் பிரிட்டிஷ் அரச ஆணையின்படி நிறுவப்பட்ட ஒரே உயர் நீதிமன்றம்தான் 2004 ஜூலை முதல் இரண்டு இடங்களில் அமர்கிறது. மதுரை சென்னைக்குக் கீழ்ப்பட்டதன்று. இரு இடங்களுக்கும் தலைமை நீதிபதி ஒருவரே. எந்த நீதிபதி எங்கே அமர்ந்து எவ்வகை வழக்குகளைக் கேட்பார் என்று பட்டியலிடுபவரும் அவரே. ஆகவே, தனி நீதிபதியின் உத்தரவை எதிர்த்து, பட்டயத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் மதுரையிலேயே இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கான காலக்கெடு 30 நாட்கள். சான்றிட்ட நகல் பெறச் செலவாகும் நாட்கள் அதில் கழிக்கப்படும் என்பதால், நகல் மனுவை இன்னும் போடவில்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:
உங்கள் வழக்கு எண்ணில் அடைப்புக்குறிக்குள் 'எம்.டி.' என்று இருக்கும். மதுரையில் பதிவான வழக்கு என்பதற்கு அதுவே அடையாளம். குமரி முதல் தஞ்சாவூர், திருச்சி, கரூர் வரையிலான தென்பகுதி மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வருகின்றன. பக்கத்திலுள்ள நாகப்பட்டினமோ சென்னைக்கு உரியது! சென்னை மாநகரின் பெருந்தொகை உரிமையியல் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அசல் பிரிவு மட்டும் மதுரையில் கிடையாது. உங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

பதில் – வழக்கறிஞர்:
செயலரின் அலுவலகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழக்குமூலத்தின், அதாவது வழக்குத் தொடரக் காரணமான நிகழ்வுகளின், ஒரு பகுதி எந்த எல்லைக்குள் எழுகிறதோ அங்கும் ரிட் மனு தாக்கல் செய்யலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 226(2)-ஆம் உறுப்பு காட்டும் வழி. ஓய்வூதியம் தஞ்சாவூரில் பெறப்பட வேண்டியது என்ற அடிப்படையில்தான் நீங்கள் மதுரைக்குச் சென்றிருப்பீர்கள். அங்கே தோற்ற பிறகு அதே கோரிக்கையுடன் சென்னையில் புதிய மனுவைப் போட்டால், முந்தைய உத்தரவை மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி, வழக்குச் செலவுத் தொகையையும் கட்ட நேரிடலாம். இரு நீதிபதிகள் அமர்விலும் தோற்றால், அடுத்தது டெல்லியிலுள்ள உச்ச நீதிமன்றம்தான்.